எந்த ஷெட்டுக் கோழி

என் அக்கா வீட்டுக்காரர் செங்கோட்டையனை ஊரில் எல்லோரும் நல்ல மனுஷன் என்பார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றார்கள்? அவரோடு சேர்ந்து ஒரே ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டு வந்து அப்புறம் அதைச் சொல்லட்டும். கொரோனாக் காலத்தில் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு பிரஷர் ஏறுகிறது.

நான் கந்தவேல். ராசிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். புதுப் போன், பழைய போன், சர்வீஸ், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஊரே என் கடையில் வந்து போன் வாங்கும். சொந்த மச்சான் மட்டும் ரப்பர் பேண்டு சுற்றிய பட்டன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாப்ள, இது உசுரு போயிப் போயி வருது, என்னன்னு பாரு" என்பார். புதுசு எடுத்துக்கங்க மச்சான், காசே வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். காலையில் முட்டை விலை என்னவென்று கேட்கத்தான் அவருக்குப் போன். கேட்டதும் அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். அவசரம் என்றால் பண்ணை மேஸ்திரி ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டுத்தான் அவரைப் பிடிக்க வேண்டும்.

வீடு வெண்ணந்தூரில். முட்டைக் கோழிப் பண்ணை சேந்தமங்கலம் போகிற வழியில். அந்தப் பண்ணையில் அவர் வைத்ததுதான் சட்டம். கேட்டுக்கு உள்ளே நுழையும் இடத்தில் தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் விட்டிருப்பார். அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. லாரிச் சக்கரம்கூட அதில் இறங்கித்தான் ஏறும். ஒரு ஷெட்டுக்குள் போய் வந்தவன் அன்றைக்கு இன்னொரு ஷெட்டுக்குள் காலை வைக்கக்கூடாது. கோழிக்கு நோய் மனிதக் காலில்தான் வருகிறது என்பது அவர் கட்சி. அதில் தப்பு சொல்ல முடியாது. பக்கத்துப் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டு கூண்டாகக் காலியானபோதுகூட அவர் பண்ணைக்குள் அது எட்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. முட்டை லாரி வந்தால் அவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். அவர் கண் படாமல் ஒரு அட்டை முட்டை லாரியில் ஏறக்கூடாது. ஏற்றுகிறவர்கள் அட்டையை ஆட்டிவிடுவார்களாம், விரிசல் விட்ட முட்டையும் அடியில் சேர்ந்து போய்விடுமாம். என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் லாரி வந்துவிட்டது என்று சேதி வர, மாப்பிள்ளைக்குத் துணையாக நிற்க வேண்டிய மனுஷன் மண்டபத்திலிருந்து எழுந்து போய்விட்டார். நான் தாலி கட்டுகிற போட்டோ எதிலும் அவர் இல்லை. என் வீட்டுக்காரி மைதிலி ஆல்பத்தை எடுத்தால் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் மூடுவதில்லை.

ஸ்மார்ட்போன் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாயிரத்து இருபதாம் வருஷத் தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். முட்டை வாங்க நாதியில்லை. ஷெட்டுக்கு வெளியே முட்டை மலையாகக் குவிந்து வெயிலில் கெட்டது. கோழி தீவனம் கேட்கிறது, முட்டை போட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்கு வாட்ஸ்அப் தெரியுமா? கெட்ட முட்டையைக் குழி வெட்டி மூடிவிட்டு அந்த மண் கையோடு மச்சான் நேராக என் கடைக்கு வந்தார். ஷோகேஸில் வரிசையாக நின்ற போன்களைப் பார்த்தார்.

"இந்தக் கருமத்தத்தான விக்கற நீ?"

"மச்சான், போன் என்னங்க பண்ணுச்சு? அனுப்புனவனக் கேக்கோணுங்க."

"அவன் ஊடு வாசலா எனக்குத் தெரியும்? நீதான எனக்குத் தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகு ஊரடங்கு வந்தது. எல்லோருக்கும் பயம்தான், எங்களுக்குக் கூடுதல் பயம். என் அக்கா கண்ணாத்தாள் சிறுநீரகம் மாற்றி வைத்தவள். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக அவள் தினமும் விழுங்குகிற மாத்திரை, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். சாதாரணச் சளியே அவளுக்கு ஆகாது. வெளியே போய் வருகிற ஆள் யாரும் கிட்டே போகாதீர்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மச்சான் அன்றைக்கே பாய், தலையணை, ஒரு ஸ்டவ் எல்லாம் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்த் தீவனக் குடோனை ஒட்டிய அறையில் இறங்கிவிட்டார். வீட்டில் அக்காவும் மகள் தனப்பிரியாவும் மட்டும். தனப்பிரியாவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை, அதனால் வெளியே போக வேண்டியதில்லை.

"நோவு வார ஷெட்டுக்காரன் நோவில்லாத ஷெட்டுக்குள்ள போகப்படாது மாப்ள. கேரளா லாரிக்காரங்க, லோடு ஏத்தறவங்கன்னு தெனமும் பத்துப் பேரு மூச்சு என்ற மேல படுது. நா ஊட்டுக்குள்ள போயி உங்கக்காளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்ப லாரிகிட்ட ஜெகதீஸ்வரன நிக்கச் சொல்லிட்டு நீங்க ஊட்டோட இருங்க மச்சான்."

"அவன் நின்னா வெளங்கும்" என்றார். பேச்சு முடிந்தது. ஜெகதீஸ்வரன் பண்ணையையே தனியாக நடத்தக்கூடிய ஆள். தீவனம் அரைப்பான், மருந்து போடுவான், கோழி தலை சாய்த்தால் காரணம் சொல்வான். லாரி பக்கத்தில் நிற்க மட்டும் அவனுக்குத் தகுதி கிடையாதாம்.

வாரம் ஒரு நாள் மொபெட்டில் வெண்ணந்தூர் வருவார். முட்டையும் காய்கறியும் இருக்கிற பையை கேட் மேல் மாட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். அக்கா வாசலில் வந்து நிற்பாள்.

"மாத்தர தின்னியா?"

"தின்னனுங்க. நீங்க சோறு?"

"ஆச்சு. சரி, வாரேன்."

இதற்காகச் சேந்தமங்கலம் பக்கமிருந்து வெண்ணந்தூருக்கு ஒரு மொபெட். தெருவே கேட்கும்படி கத்திப் பேசுகிறபோது வேறு என்னதான் பேச முடியும்? அவர் போன பிறகும் அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். தனப்பிரியா வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவாள்.

இப்படியே மாதங்கள் போயின. ஊரடங்கைத் தளர்த்தினார்கள், கடை திறந்தார்கள், ஊரில் கல்யாணம்கூட நடந்தது. மச்சான் தீவனக் குடோனை விட்டு வரவில்லை. அந்த வருஷம் தீபாவளி கழிந்து ஒரு நாள் காலையில், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றார். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொரோனா ஊசி போட்டுப் பார்க்க ஆள் கேட்கிறார்களாம். பண்ணைக்கு வருகிற கால்நடை டாக்டர் சொன்னாராம். "வா, போலாம்" என்றார், ஏதோ தோட்டத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

"மச்சான், அது இன்னும் சோதனை. உங்களைய எலியா வெச்சுப் பாக்கறாங்க."

"எந்த மருந்துன்னாலும் மொதல்ல ஒருத்தன் கைய நீட்டித்தான ஆவோணும்? என்ற பண்ணையிலயே எத்தன மருந்து போட்டுப் பாத்துருக்கறாங்க. கோழி ஏன்னு கேட்டுச்சா?"

"கோழி கேக்காதுங்க. நா கேக்கறன். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அக்காளுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"உங்கக்கா ஊட்டுக்குள்ள போறதுக்குத்தான்டா போட்டுக்கறன்" என்றார். டா போட்டு அவர் என்னைப் பேசியதே இல்லை. நான் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் யுவஸ்ரீ என்று ஒரு பெண். ஊசி போட்டுக்கொள்கிறவர்களை அவள்தான் பார்த்துக்கொள்வாள். பொறுமைக்கு அவளைத்தான் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்பது போடுகிறவர்களுக்கே தெரியாது, முடிவில்தான் பிரித்துப் பார்ப்பார்கள் என்று விளக்கினாள். நீங்களாக வெளியே போய் இதற்கென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளக் கூடாது என்றும் சொன்னாள். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"தெரியுமுங்க அம்மணி. ஒரு ஷெட்டுக்கு மருந்து, ஒரு ஷெட்டுக்குச் சும்மா. அப்பறம் ரெண்டையும் வெச்சுப் பாக்கறது. நாங்களும் அப்படித்தான் பண்ணுவம்."

"சரியாச் சொன்னீங்க சார். உங்ககிட்ட ஸ்மார்ட்போன் இருக்கா? தினமும் காய்ச்சல், கை வலி எல்லாம் ஆப்ல பதியணும்."

மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கடை திறந்த நாளிலிருந்து அந்தப் பார்வைக்காகத்தான் நான் காத்திருந்தேன். சந்தோஷப்பட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது.

மறுநாள் ஜெகதீஸ்வரன் போன் செய்தான். "ஏனுங்கண்ணா, புதுப் போனு எரியலீங்களாமா." என்னடா ஆச்சு என்றால், ஒன்றுமில்லை, மச்சான் பண்ணைக்குள் போகும்போது போனை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார். வெளியிலிருந்து வருகிற சாமான் எதுவாக இருந்தாலும் முக்காமல் உள்ளே போகக்கூடாதாம். நான் நேரில் போய்க் கத்தினேன்.

"ஏன் கத்தற? லாரியே முங்கித்தான் வருது. இந்தப் பொட்டி மட்டும் என்ன பெரிய ஆளா?"

இன்னொரு போன் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு, முக்குவதானால் உறையோடு துடைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த சண்டை திரையோடு. தீவனமும் சுண்ணாம்பும் அள்ளி அள்ளிக் காய்த்துப்போன அவர் விரலை அந்தத் திரை கண்டுகொள்ளவே இல்லை. அவர் அமுக்க, அது சும்மா இருக்க, அவர் மறுபடி அமுக்க, நடுவிரலை மடக்கி முட்டியால் தட்டினால்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். கதவைத் தட்டுகிறவர் மாதிரி அந்த போனைத் தட்டிக்கொண்டிருப்பார். ஊசி போட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது ஆப். இவர் போனைத் திருப்பிப் பிடித்து எதிரே இருந்ததை எடுத்து அனுப்பினார். யுவஸ்ரீ எனக்குக் கூப்பிட்டாள், என் நம்பரையும் கொடுத்திருந்தோம்.

"சார், உங்க மச்சான் நேத்து ஒரு கோழி ஃபோட்டோ அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு ஒரு சாக்கு மூட்டை. ஊசி போட்ட கை வரவே இல்லை."

கடையில் ஆன்லைன் கிளாஸுக்குப் போன் கேட்டு அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு காதில் அவளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறு காதில் மச்சானுக்குக் கத்திக்கொண்டிருப்பேன். இது அனேகமாக எல்லாச் சாயங்காலமும் நடந்தது.

சரி, போன்தான் கைக்கு வந்துவிட்டதே, அம்மா முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று தனப்பிரியா வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தார். அவள் முகம் தெரிந்ததும், "இதெல்லாம் வேண்டாஞ்சாமி, வெய்யி" என்றார்.

"ஏம்ப்பா? அம்மாவப் பாருங்கப்பா. இத்தன மாசம் ஆச்சு."

"செத்தவங்களத்தான் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப் பாப்பாங்க. உங்கம்மா உசுரோட இருக்கறா. நா நேர்ல வந்து பாத்துக்கறன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாத்திரை போடப் போய்விட்டாள். தனப்பிரியா இதை என்னிடம் சொன்னபோது, போன் விற்றே பிழைக்கிற எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இரண்டாவது ஊசியும் போட்டார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் போக வேண்டும் என்றார்கள், அதுவும் போனது. அந்த நாள் வந்ததும் மச்சான் முகச் சவரம் செய்து, குளித்து, பாயைச் சுருட்டிக் கட்டி மொபெட்டில் ஏற்றினார். கேட்டுக்கு வெளியே நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவராக யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். நான் சாமான் எடுத்துவர வண்டியோடு போயிருந்தேன், அதனால் எல்லாம் என் காதால் கேட்டது.

"அம்மணி, நா இன்னிக்கி ஊட்டுக்குப் போறனுங்க. சொல்லிட்டுப் போலாம்னு கூப்புட்டன்."

"சார், ஊசி போட்டாச்சுன்னு தைரியமாப் போயிடாதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு கிட்னி மாத்தியிருக்குன்னு சொன்னீங்களே. இதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கணும்."

"அப்பறம் ஊசி எதுக்குங்க?"

"உங்களுக்குப் போட்டது மருந்தா உப்புத் தண்ணியான்னு எங்களுக்கே தெரியாது சார். மருந்தாவே இருந்தாலும் அது காப்பாத்துதான்னு பாக்கத்தானே இந்தச் சோதனையே."

மச்சான் மொபெட் மேலிருந்த பாயைப் பார்த்தார்.

"என்னைய எந்த ஷெட்டுல வெச்சிருக்கறீங்க?"

"தெரியாது சார்."

"தெரிஞ்சவங்ககிட்டக் குடுங்க."

"இங்க யாருக்குமே தெரியாது சார். அதான் முறை."

இதில் அவள் புதிதாக எதுவும் சொல்லவில்லை. முதல் நாளே விளக்கினாள், இவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மச்சான் எந்தக் காலத்திலும் ஷெட்டுக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்த ஆள். தானே கூண்டுக்குள் இருக்கிற கோழி, அதுவும் சும்மா விட்ட ஷெட்டுக் கோழியாக இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மொபெட்டிலிருந்து பாயை அவிழ்த்தார். எனக்கு உதவி செய்யக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு எரிச்சல்.

அடுத்து அவர் செய்ததை நாமக்கல் கோழிக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு ஷெட்டுக்குத் தடுப்பு மருந்து போட்டால், சில வாரம் கழித்து நாலைந்து கோழியின் இறக்கையில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். மருந்து பிடித்திருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று லேபில் சொல்வார்கள். அதற்கு டைட்டர் பார்ப்பது என்று பெயர். டைட்டர் பார்க்காமல் மருந்து போட்டதாகவே மச்சான் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆகவே நாமக்கல்லில் அவர் வழக்கமாகப் போகிற கோழி லேபுக்குப் போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேசை மேல் கையை நீட்டியிருக்கிறார்.

லேபில் இருந்தவர் எனக்குத்தான் போன் செய்தார். "ஏனுங்க, உங்க மச்சான் வந்து ரத்தம் எடு, டைட்டர் பாருங்கறாருங்க. இது கோழிக்குங்கன்னா, ரத்தம் ரத்தந்தானங்கறாரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். விட்டாரா? யுவஸ்ரீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளே என்று வழியெல்லாம் கெஞ்சினேன். மறுநாள் தனியாக சேலம் போய், மனிதர்களுக்குப் பார்க்கிற லேபில் ரத்தம் கொடுத்துவிட்டார். முடிவு வந்தது, எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "உப்புத் தண்ணி, மாப்ள" என்றார். அந்த மனுஷன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முட்டையைக் குழியில் போட்டு மூடின அன்றைக்குக்கூட நின்றுகொண்டேதான் பேசினார்.

மறைக்கத் தெரியாத ஆள், யுவஸ்ரீக்கும் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், செய்யக் கூடாதுன்னு சொன்னேனே! டாக்டர் என்னைத்தான் கேப்பாங்க. அந்த டெஸ்ட்ட வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது சார். மருந்து போட்டவங்களுக்கே சில டெஸ்ட்ல காட்டாது."

"அப்ப மருந்தாவும் இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம் சார்."

"உப்பாவும் இருக்கலாம்?"

"இருக்கலாம் சார்."

போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் மறுபடியும் டாக்டர் கேட்பாரே என்றாள். அவளைச் சமாதானப்படுத்தினேன், அவள் மேல் என்ன தப்பு? உப்புத் தண்ணீர்தான் என்பதை ஆஸ்பத்திரியே பிற்பாடு கூப்பிட்டுச் சொல்லி, அசல் ஊசியையும் போட்டுவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் வெயில் காலத்தில். நான் சொல்கிற பொங்கல் சமயத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாததை வைத்துக்கொண்டு மச்சான் பண்ணைக்குள் இன்னும் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொங்கலுக்குக்கூட வெண்ணந்தூர் தெருவுக்கு வரவில்லை. காய்கறியை ஜெகதீஸ்வரனிடம் கொடுத்துவிட்டார். அக்கா பொங்கல் வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் பொறுக்க முடியாமல் பண்ணைக்குப் போனேன். பண்டிகை நாளும் அதுவுமாக லாரி நிற்கிறது, மூக்குக்குக் கீழே இறங்கிய மாஸ்க்கோடு நாலு பேர் ஏற்றுகிறார்கள், அவர்கள் நடுவில் இவர்.

"மச்சான், கையெடுத்துக் கும்பிடறன். ஊசியும் வேண்டாம், டைட்டரும் வேண்டாம். இந்த லாரிய மட்டும் உடுங்க. ஆள் படாம கொஞ்ச நாள் இருந்துட்டு ஊட்டுக்கு வாங்க. ஜெகதீஸ்வரன் பாத்துக்குவான்."

"பாத்தியா, அந்த அட்டைய எப்படித் தூக்கறான் பாரு" என்று எனக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

நான் திரும்பி வந்து, மாஸ்க்கோடு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லாரி, லேப், உப்புத் தண்ணீர், ஒன்று விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பிறகு, "வண்டிய எடு கந்தா" என்றாள்.

தனப்பிரியா குறுக்கே வந்து நின்றாள். அக்கா இரண்டு மாஸ்க் போட்டு அதற்கு மேல் முந்தானையையும் சுற்றிக்கொண்டாள். கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வெளியே வந்து வருஷம் ஆகப்போகிறது. ராசிபுரம் தாண்டியதும், நேராகப் பண்ணைக்கு விடு என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. மச்சான் என்னைத் திட்டுவாரே என்பதுதான் அந்தப் பயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

லாரி இன்னும் நின்றிருந்தது. அக்கா இறங்கி, மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள். மச்சான் பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள! இங்கெதுக்கு வந்த? கிட்ட வராத!" அவர் குரலில் அட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வரலீங்க. இங்கயேதான் நிக்கறன். நீங்களும் அங்கயே நில்லுங்க, கேளுங்க." அக்கா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. "என்னைய ஊட்டுக்குள்ள வந்து பாக்கோணும்னு ஊசி போட்டுக்கிட்டீங்க. என்னாகுமோன்னு தெரியாமயே போட்டுக்கிட்டீங்க. புடிக்காத போனப் பழகுனீங்க. கோழி லேப்ல போயிக் கைய நீட்டுனீங்களாமா. இத்தனையும் எனக்காகத்தான், நா இல்லீங்கல. இந்த லாரிய உடுங்கன்னு சொன்னா மட்டும் உங்குளுக்குக் காது கேக்கறதில்ல, ஏனுங்க?"

"கண்ணாத்தா, நா பாக்கலீன்னா முட்டை..."

"ஒடையட்டுங்க."

மச்சான் லாரிக்குப் பக்கத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி வந்து நின்றார்.

"தனத்துகிட்ட அன்னிக்கிச் சொன்னீங்க, போன்ல மூஞ்சி பாக்கறது செத்தவங்களக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப் பாக்கறாப்பலன்னு. நா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தன். சீவிச் சிங்காரிச்சுட்டு நின்னுட்டிருந்தன்." அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள லாரியப் போட்டுப் பாருங்க. என்னைய நேர்ல வந்து பாருங்க."

சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மச்சான் அங்கேயே நின்றார். லாரியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். ஜெகதீஸ்வரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதமாக நான் கத்தினது, யுவஸ்ரீ கெஞ்சினது, தனப்பிரியா அழுதது எல்லாம் அந்த மனுஷன் காதில் அப்போதுதான் ஒன்றாகப் போய் விழுந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பிளாஸ்டிக் உறையைத் துண்டால் துடைத்தார். தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்தே அதை என் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"மாப்ள, இதுல எதைய அமுத்துனா லாரி தெரியும்?"